புள்ளிகளும் பெயர்களும்

நாளிதழில் அச்சாகும் வண்ணப்படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நீங்கள் எப்போதேனும் நோக்கியதுண்டா? இல்லையெனில் இதைப் படிப்பதைச் சற்றே நிறுத்திவிட்டு ஒரு படத்தை எடுத்து நோக்குங்கள். கன்னம் என்று நாம் நம்பிய இடத்தில் கன்னம் இராது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகளே நெருங்கியும் விலகியும் கிடக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கன்னம் மீண்டும் கன்னமாகிவிடும்.

இதனை எனக்குக் கற்பித்தவன் என் தங்கை மகன். அப்போது அவனுக்கு வயது 16. கற்பித்த இடம், லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம். ஆண்டு 2013.

மதரஸாவில் அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் ஒருவனுக்கு ஓவியக் கண்காட்சியில் என்ன அலுவல் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். நான் கல்லூரியில் வரலாறு பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றவன். பட்டத்தின் பெயரில் கலை இருந்ததே தவிர, மூன்றாண்டுகளில் ஓர் ஓவியத்தையேனும் எங்களுக்கு யாரும் காட்டியதில்லை. உருவப் படங்கள் குறித்து மார்க்க அறிஞர்கள் கூறியுள்ள கருத்துகள் பல. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு வேறு பக்கங்கள் உள்ளன. நான் சென்றது ஒரு குடும்பக் காரியமாக.

என் தங்கை கணவரோடும் பிள்ளைகளோடும் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வாழ்கிறாள். அவ்வாண்டு ஏப்ரலில் இரண்டு வாரம் தங்குவதற்காகப் போயிருந்தேன். பயணப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்து மெல்லிய குரலில் சொன்னாள்: "காக்கா, இவன் படம் வரையறதுக்குப் படிக்கப் போறானாம். அவன் வாப்பா மூணு நாளாப் பேசறதில்லே. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்பான்."

மச்சானின் கவலை எனக்குப் புரிந்தது. அந்நிய நாட்டில் இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறிச் செய்து பிள்ளையை வளர்த்தவர். மகன் மருத்துவனாக வேண்டும். இல்லையேல் மருந்துக்கடையாவது வைக்க வேண்டும். வண்ணமும் தூரிகையும் சோறு போடா என்பது அவர் வாதம். பிள்ளையைத் தனியே அழைத்து அறிவுரை சொல்லத் தொடங்கினேன். அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, நீங்க சொல்ல வேண்டியதை எல்லாம் அங்கே வந்து சொல்லுங்க. முதல்லே ஒரு தடவை பார்த்திடுங்க" என்றான். மாணவனின் கோரிக்கையில் நேர்மை இருக்கும்போது ஆசிரியன் மறுக்க இயலாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதோம். திரும்பும் வழியில், அதே சாலையின் தொடர்ச்சியில், பள்ளியிலிருந்து சிறிது நேர நடையில் உள்ள வைட்சாப்பல் கலைக்கூடத்தின் வாயிலில் என்னை நிறுத்தினான். 1956ஆம் ஆண்டில் இங்கே "இதுவே நாளை" என்ற பொருள்படும் பெயரில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதற்காக ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற ஆங்கில ஓவியர், அமெரிக்க வார இதழ்களின் விளம்பரங்களை வெட்டி ஒட்டி ஒரு படம் செய்தார். ஒரு வீட்டின் கூடம். அதனுள் தொலைக்காட்சிப் பெட்டி, டின்னில் அடைத்த இறைச்சி, தூசு உறிஞ்சும் இயந்திரம். உடற்பயிற்சி வீரன் ஒருவன் கையில் ஒரு பெரிய மிட்டாய். அதன் மேல் 'பாப்' என்ற மூன்றெழுத்து. பாப்புலர் என்ற சொல்லின் சுருக்கம் அது. இத்தனையும் அடங்கிய அப்படத்தின் அளவு ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் சதுரமே. நம் மதரஸாப் பிள்ளைகளின் சிலேட்டை விடப் பெரிதன்று. போரினால் வறண்டிருந்த பிரிட்டன், கடல் கடந்த செழிப்பை ஏக்கமும் ஏளனமும் கலந்த கண்ணோடு பார்த்ததன் பதிவு என்று எனக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் இவ்வகை ஓவியம் அமெரிக்காவில் பெருகிற்று. சூப் டின்னும் சோப்புப் பெட்டியும் சித்திரக்கதையும் சினிமா நட்சத்திரமும் ஓவியத்துக்குரிய பொருள்களாயின.

மறுநாள் சென்ற கண்காட்சி, அவ்வமெரிக்கர்களுள் ஒருவரான ராய் லிக்டென்ஸ்டைனுடையது. அவர் 1923இல் பிறந்து 1997இல் மறைந்தவர். மறைவுக்குப் பின் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்டிய முதற்பெரும் கண்காட்சி அது. சிகாகோவிலும் வாஷிங்டனிலும் நடந்து முடிந்து, 2013 பிப்ரவரி முதல் மே வரை லண்டனில் இருந்தது. ஏறத்தாழ 125 படைப்புகள். டேட் மாடர்ன் முன்னாளில் மின்னுற்பத்தி நிலையமாக இருந்த கட்டடம். 2000ஆம் ஆண்டில்தான் கலைக்கூடமாயிற்று. உள்ளே நுழைந்ததும் பெரிய ஆலைக்குள் நுழைந்த உணர்வுதான் வரும்.

முதலில் அவன் என்னை நிறுத்தியது 1961ஆம் ஆண்டின் படம் ஒன்றின் முன்னால். 'லுக் மிக்கி' என்பது பெயர். பிள்ளைகள் அனைவரும் அறிந்த மிக்கி எலியும் டொனால்டு வாத்தும் ஒரு மரத்துறையில் நிற்கின்றனர். வாத்து வீசிய தூண்டிலின் முள் அதன் சட்டையிலேயே சிக்கியிருக்கிறது. அறியாத வாத்து பெரிய மீன் அகப்பட்டதென்று மகிழ்கிறது. இது என்ன, பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதுதானே என்றேன்.

"எலியோட முகத்தைப் பாருங்க மாமா."

நோக்கினேன். முகத்தின் நிறம் நிறமாக இல்லை, புள்ளிகளாக இருந்தது. அதுவும் சீராக இல்லை. ஓரிடத்தில் திட்டுத் திட்டாக, ஓரிடத்தில் மங்கலாக. அவற்றை எவ்வாறு இட்டார் என்பதை அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளர்ப்பு நாயின் உரோமத்தைக் கோதிவிடும் பிளாஸ்டிக் பல் தூரிகை ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தோய்த்துத் துணியில் ஒற்றி எடுத்தாராம்!

இந்தப் புள்ளிகளுக்கு ஒரு பெயர் உண்டு: பென்டே புள்ளிகள். பெஞ்சமின் டே என்ற அமெரிக்க அச்சுத் தொழில் வல்லுநர் 1879இல் கண்ட முறை இது. மலிவான தாளில், குறைந்த செலவில், சில மைகளை மட்டும் கொண்டு பல நிறங்களைக் காட்ட வேண்டும். இளஞ்சிவப்பு வேண்டுமெனில் தனியாக இளஞ்சிவப்பு மை வேண்டாம். வெள்ளைத் தாளில் சிவப்புப் புள்ளிகளை இடைவெளிவிட்டு அடித்தால் போதும். சித்திரக்கதை மாந்தரின் தோல் நிறம் அவ்வாறு வந்ததே. நாளிதழ்ப் புகைப்படத்தில் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக மாறும். பென்டே முறையிலோ ஒரு பரப்பில் உள்ள புள்ளிகள் யாவும் ஒரே அளவு. அச்சகத்தார் மறைக்க விரும்பிய அந்தப் புள்ளியை லிக்டென்ஸ்டைன் பல மடங்கு பெரிதாக்கி, கண்ணுக்கெதிரே கொண்டுவந்து நிறுத்தினார். மறைந்து வேலை செய்ததை வெளியே இழுத்துக் காட்டியதுதான் அவர் செய்தது என்று மருமகன் விளக்கினான்.

புள்ளி என்றதும் என் எண்ணம் என் தொழிலுக்குச் சென்றது. அரபியில் பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இட்டால் பே. மேலே இரண்டு இட்டால் தே. மூன்று இட்டால் ஸே. எழுத்தின் அளவையும் புள்ளியால்தான் அறுதியிட்டனர். நாணல் பேனாவின் முனையை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு, அலிஃப் எத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் எத்தனை புள்ளி அகலம் என வரையறுக்கும் முறையை 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லாவோடு சேர்த்துச் சொல்வார்கள். அதை நான் சொல்லக் கேட்ட மருமகன் தன் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அன்று அவனுக்கு நான் கற்பித்தது அவ்வளவே, கற்றது மிகுதி.

அடுத்தடுத்த படங்களில் புள்ளிகள் செம்மையடைவதைக் கண்டோம். நாய்த் தூரிகையை விட்டுவிட்டு அவர் உலோகத் தகட்டில் துளைகளிட்டு ஸ்டென்சில் செய்துகொண்டார். பின்னர் துளையிட்ட தகடுகளைத் தொழிற்கூடத்திலிருந்தே வருவித்தார். தகட்டைத் துணிமேல் வைத்து, துளைகள் வழியே வண்ணத்தைத் தேய்த்து இறக்குவது முறை. வினாத்தாளைச் சைக்ளோஸ்டைல் எடுத்துக் கைகளைக் கறுப்பாக்கிக்கொண்ட ஆசிரியர்களுக்கு இம்முறையை நான் விளக்க வேண்டியதில்லை. தகட்டை நகர்த்தி வைக்கும் இடத்தில் வரிசை பிசகும். "அங்கே பாருங்க, தகட்டோட விளிம்பு வந்த இடம்" என்று அவன் விரல் நீட்டியபோது காவலர் ஒருவர் மெல்லக் கனைத்தார். இரண்டடி பின்வாங்கினோம்.

படம் உருவாகும் ஒழுங்கையும் அவன் வரிசையாகச் சொன்னான். முதலில் சித்திரக்கதைக் கட்டத்தைப் பார்த்துச் சிறிய அளவில் ஒரு கோட்டோவியம். அதை ஒளிப்படக்கருவி கொண்டு பெரிய துணியில் விழச் செய்து பென்சிலால் வரைவார். கோடுகள் மனநிறைவு தரும்வரை அழிப்பார், திருத்துவார். பின்பு புள்ளிகள், அதன்பின் வெளிர் நிறங்கள், படிப்படியாக அடர்ந்த நிறங்கள், கறுப்புக் கோடு கடைசியில். சுழலும் சட்டம் ஒன்றில் துணியைப் பொருத்திப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் திருப்பித் திருப்பி வேலை செய்வார். தலைகீழாக இருக்கும்போது வாத்து வாத்தாகத் தெரியாது. வடிவமும் இடைவெளியும் மட்டுமே தெரியும். குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைக்குச் சொற்பொருள் ஒருபுறமிருக்க, எழுத்தின் ஒலியை மட்டும் முதலில் திருத்துவோம் அல்லவா, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

அவர் பயன்படுத்திய வண்ணத்தின் பெயர் மாக்னா. அக்ரிலிக் பிசினை நீரில் கரைக்காமல் டர்பன்டைன் போன்ற கரைப்பானில் கரைத்துச் செய்தது. விரைவில் உலரும்; பளிச்சென்று சீராகப் படியும். உலர்ந்த பின்னரும் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் முற்றிலும் வந்துவிடும். திருத்திய சுவடே இராது. அவருக்கு வேண்டியதும் அதுவே. எண்ணெய் ஓவியர் தம் கைப்பழக்கம் துணியில் தெரிவதைப் பெருமையாகக் கருதுவார். இவரோ தம் கை பட்டதே தெரியாதபடி, இயந்திரம் அச்சிட்டதுபோல் தோன்ற வேண்டும் என்று கைவலிக்க உழைத்தவர். பாதிப் படத்தை அழித்துவிட்டு மீண்டும் புள்ளியிடுவதும் அவருக்கு வழக்கமாம்.

1965, 1966 ஆண்டுகளில் இதை ஒரு நகைச்சுவையாகவே செய்து காட்டினார். தூரிகையை வீசி இழுத்த ஒற்றைக் கீற்று, வழியும் வண்ணத்துளிகள், அவ்வளவே படம். அக்காலத்து அமெரிக்க ஓவியர்கள் உணர்ச்சி வேகத்தில் ஒரு நொடியில் இழுத்த கீற்றுகளைப் பெரிதாகப் போற்றினர். அந்த நொடிக் கீற்றை இவர் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக, நாட்கணக்கில் வரைந்தார். ஓவியர்களுக்குள் நடந்த கேலி என்பதால் எனக்கு முழுச் சுவையும் கிட்டவில்லை. மருமகன் ரசித்தான்.

இவருடைய ஆசிரியரைப் பற்றிக் கேட்டதுதான் என் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹோய்ட் ஷெர்மன் என்பவர் ஓவியம் கற்பித்தார். அவருடைய வகுப்பு இருட்டறையில் நடக்கும். திரையில் ஓர் உருவம் இமைப்பொழுது மின்னி மறையும். மீண்டும் இருட்டு. அவ்விருட்டிலேயே மாணவர்கள் கண்டதை வரைய வேண்டும். பெயரைக் கொண்டு அறிவதற்கு முன் வடிவத்தை முழுமையாகக் காணும் பயிற்சி அது. கரும்பலகையில் நாள் முழுதும் எழுதிப்போட்டும் பார்க்க மறுக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு, விளக்கை அணைத்துப் பார்க்கச் செய்த அந்த ஆசிரியரின் துணிவு வியப்பளிக்கத்தான் செய்யும்.

பிற்காலப் படங்கள் தொங்கிய அறை ஒன்றை மாமனும் மருமகனும் ஒரு சொல்லும் பேசாமல் விரைந்து கடந்தோம். அதைத் தாண்டிய கடைசிப் பகுதியில் சீனப் பாணி இயற்கைக் காட்சிகள் இருந்தன. மறைவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் வரைந்தவை. மலையின் எல்லைக்குக் கறுப்புக் கோடு கிடையாது. பெரிய புள்ளி படிப்படியாகச் சிறுத்து, சிறுத்து, ஒன்றுமில்லாமற் போகிறது, அதுவே மூடுபனி. ஒரு மூலையில் ஒரு சிறு மனிதன். சத்தம் நிறைந்த வெடிகுண்டுப் படங்களைக் காட்டிலும் எனக்கு உகந்தவை இவையே. அங்கே நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

வெடிகுண்டுப் படம் என்று நான் குறிப்பது 'வாம்!' என்பதை. 1963இல் வரைந்தது, டேட் நிறுவனம் 1966இல் விலைக்கு வாங்கியது. உயரம் ஏறத்தாழ 1.7 மீட்டர், அகலம் 4 மீட்டருக்கும் மேல். இரண்டு துணிகள் அடுத்தடுத்து. இடப்புறம் ஒரு போர் விமானம் ஏவுகணை செலுத்துகிறது; வலப்புறம் மற்றொரு விமானம் தீப்பிழம்பாக வெடிக்கிறது; வெடிச்சத்தம் மஞ்சள் எழுத்துகளில் நிற்கிறது. இப்படத்தின் முன் எங்களுக்குள் ஏற்பட்ட விவாதத்தைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

இது அவருடைய கற்பனை அன்று. 1962இல் வெளிவந்த அமெரிக்கப் போர்க்கதை இதழ் ஒன்றில் இர்வ் நோவிக் என்ற ஓவியர் வரைந்த ஒரு கட்டமே இதன் மூலம். வேறு கட்டங்களிலிருந்தும் சில பகுதிகள் எடுக்கப்பட்டன. பக்கத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று வரைந்தவர்கள் அவர்கள். அக்காலத்துச் சித்திரக்கதை இதழ்கள் பலவற்றில் ஓவியர் பெயர்கூட அச்சாவதில்லை. நீரில் மூழ்கும் பெண்ணின் படம் ஒன்றும் அங்கிருந்தது. அதுவும் 1963ஆம் ஆண்டினது. டோனி அப்ருஸ்ஸோ ஒரு காதல் கதைக்கு வரைந்த கட்டம் அதன் மூலம். கண்காட்சிச் சுவரிலோ பெரிய எழுத்தில் இருந்தது ஒரே பெயர்.

நான் கேட்டேன்: "பார்த்து எழுதியது யாரைப் பார்த்து என்று சொல்ல வேண்டாமா?"

வாசகர்களே, பார்த்தெழுதுவதை இழிவாகக் கருதும் மரபில் வந்தவனல்லன் நான். எங்கள் கல்வியே பார்த்தெழுதுவதும் கேட்டுச் சொல்வதும்தான். அழகெழுத்துக் கலைஞன் ஆசானின் மாதிரியைப் பல்லாண்டு பார்த்தெழுதுகிறான்; ஆசான் இஜாஸா அளித்த பிறகே தன் எழுத்தின் அடியில் தன் பெயரை இடுகிறான்; அங்கும் தன் ஆசானைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. ஒரு செய்தியைச் சொன்னால், அதை நான் யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி முழுவதையும் சொன்ன பிறகே செய்திக்கு வருவோம். சங்கிலி அறுந்திருந்தால் செய்தி எவ்வளவு அழகாயினும் அதன் மதிப்புக் குறைந்துவிடும். இந்த அளவுகோலைத் தவிர வேறு அளவுகோல் என்னிடம் இல்லை. அதைக் கொண்டுதான் அந்தச் சுவரையும் அளந்தேன்.

மருமகன் சினங்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்தான். நோவிக்கின் கட்டத்தையும் 'வாம்!' படத்தையும் ஒரே பக்கத்தில் அருகருகே வரைந்து வைத்திருந்தான். "நகல்னா ஒண்ணா இருக்கணும்லே? எண்ணிப் பாருங்க" என்றான். எண்ணினேன். மூலத்தில் விமானியின் பேச்சு ஒரு குமிழுக்குள் இருந்தது. இங்கே அது இல்லை. மூலத்தில் ஒரே சட்டம், இங்கே இரண்டு. அதனால் சுடுபவனுக்கும் வெடிப்பவனுக்கும் நடுவே ஒரு பிளவு விழுந்துவிட்டது. வெடிக்கும் விமானம் தன் பங்குக்கு ஒரு முழுத் துணியைப் பெற்றுவிட்டது. மூழ்கும் பெண்ணின் படத்தில் பின்னணியில் இருந்த காதலனையும் கவிழ்ந்த படகையும் நீக்கிவிட்டார். அவள் பேச்சில் வரும் ஆணின் பெயரையும் மாற்றினார். எஞ்சியது முகமும் கையும் அலைகளும். கதையில் அவள் மூழ்குவது ஒரு நிகழ்ச்சி. துணியில் அவளுக்குக் கரையே இல்லை.

"சரி, மாற்றியிருக்கிறார். மாற்றியவர் பெயர் இருக்கிறது. மாற்றப்பட்டவர் பெயர் எங்கே?" என்றேன்.

அவன் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, "அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மாமா" என்றான்.

பணத்தின் கணக்கைப் பார்த்தால் இன்னும் கசக்கும். லிக்டென்ஸ்டைனின் 'செவிலி' என்ற 1964ஆம் ஆண்டுப் படம் 2015இல் நியூயார்க்கில் 9 கோடியே 50 லட்சம் டாலருக்கும் அதிகமாக ஏலம் போயிற்று. அதுவும் ஒரு சித்திரக்கதைக் கட்டத்திலிருந்து பிறந்ததே. ரஸ் ஹீத் என்ற சித்திரக்கதை ஓவியரின் விமானப் படமும் இவ்வாறு ஓர் ஓவியமாயிற்று. முதுமையில் அவர் தம் நிலையை ஒரு பக்கச் சித்திரக்கதையாகவே வரைந்து வெளியிட்டார்: தமக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை, வறுமை வந்தபோது கைகொடுத்தது சித்திரக்கதைத் தொழிலாளருக்கு உதவும் ஓர் அறநிலையமே. ஹீத் 2018இல் மறைந்தார். நான் ஊர் திரும்பிய பின், 2013 மே மாதத்தில், லண்டனிலேயே ஒரு சித்திரக்கதைக் கடையில் மறுமொழிக் கண்காட்சி ஒன்று நடந்ததாக மருமகன் தொலைபேசியில் சொன்னான். லிக்டென்ஸ்டைன் எடுத்தாண்ட கட்டங்களையே இக்கால ஓவியர்கள் திரும்ப எடுத்து, மூல ஓவியர் இன்னார் என்று குறிப்பிட்டு, தம் பாணியில் வரைந்து வைத்தார்களாம். அதைக் கேட்டு மனம் சிறிது ஆறிற்று.

ஆண்டி வார்ஹோலைப் பற்றிச் சொல்லாமல் பாப் ஓவியத்தைப் பற்றி எழுதுவது முறையன்று என்பான் மருமகன். ஆகவே சுருக்கமாக. நம் ஊர்களில் கலியாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையே அவருடைய கருவி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, புகைப்படத்தின் வழியே ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி படாத இடத்துப் பசை நீரில் கழுவப்பட்டுத் துளை திறக்கும். ரப்பர் விளிம்புள்ள கட்டையால் மையை இழுத்தால் துளை வழியே படம் இறங்கும். 1962இல் நடிகை மர்லின் மன்றோ மறைந்த சில வாரங்களில், அவருடைய ஒரே விளம்பரப் புகைப்படத்தை இம்முறையில் 50 தடவை அச்சிட்டார். ஒரு பாதி பளபளக்கும் நிறங்களில். மறு பாதி கறுப்பில். மை மிகுந்த இடத்தில் முகம் அப்பிக்கிடக்கும். மை வற்றிய இடத்தில் முகம் தேய்ந்து மறையும். நம் அச்சுக் கடைக்காரர் கழிவு என்று கிழித்தெறியும் தாள்களை ஒத்தவை அவை. அவர் அவற்றை வைத்துக்கொண்டார். இறந்துபோன ஒருத்தியின் முகம் வரிசை வரிசையாக மங்கிப் போவதில் நெஞ்சைத் தொடும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. லிக்டென்ஸ்டைன் அச்சுப்போல் தோன்றுவதைக் கையால் செய்தார். வார்ஹோல் அச்சடித்ததை ஓவியம் என்றார். அப்படமும் டேட் நிறுவனத்தின் உடைமையே.

அன்றிரவு உணவுக்குப் பின் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் செய்தித்தாளை விரித்திருந்தார், படிக்கவில்லை. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மருமகனின் குறிப்பேட்டை வாங்கி அவர் முன் வைத்தேன். அவன் பார்த்து வரைந்த ஒவ்வொரு படத்தின் அடியிலும் மூல ஓவியரின் பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. யாரும் சொல்லி அவன் அதைச் செய்யவில்லை. நோவிக்கின் பெயர் லிக்டென்ஸ்டைன் பெயருக்கு மேலே இருந்தது.

மச்சான் பக்கங்களைப் புரட்டினார். "நல்லாத்தான் இருக்கு. பேரு எழுதினா சோறு வருமா?" என்றார். அதுவும் நியாயமான வினாதான்.

அப்போதுதான் பையன் வாய் திறந்தான். பழைய ஓவியங்களைத் துப்புரவு செய்து காப்பது ஒரு தொழில் என்றும், கலைக்கூடங்கள் அதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன என்றும் சொன்னான். மாக்னா வண்ணத்தின் தொல்லையை விளக்கினான்: தூசைத் துடைக்கத் தவறான கரைப்பானைத் தொட்டால் தூசோடு படமும் போய்விடும். எந்தப் பிசின் எதில் கரையும், எதில் கரையாது என்று அறிந்தவனைத்தான் அதன் அருகில் விடுவார்கள். அதற்கு வேதியியல் படித்தாக வேண்டும்.

வேதியியல் என்ற சொல் விழுந்ததும் மச்சான் செய்தித்தாளை மடித்துவைத்தார். அதுவரை அடுப்படி வாயிலில் நின்றிருந்த தங்கை உள்ளே போய்த் தேநீர் எடுத்துவந்தாள். பேச்சு நள்ளிரவு வரை நீண்டது.

அவ்வாண்டு செப்டம்பரில் அவன் வேதியியல், கணிதம், ஓவியம் மூன்றையும் பாடங்களாக எடுத்துச் சேர்ந்தான். மகன் என்ன படிக்கிறான் என்று உறவினர்கள் கேட்டால் மச்சான் முதல் இரண்டை மட்டும் சொல்லி வந்தார்.